ஆட்டம் எடுக்கிற அத்தான்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகிறவர்கள் மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள். என் அக்காவின் கணவர், இரத்தினசிங்கம் அத்தான், போனால் மீன்காரனுக்கு ஹெலிகொப்டர் படிப்பித்துவிட்டு வருவார். மீன் சிலவேளை வரும், சிலவேளை வராது. "ஹெல்லென்னே நே மல்லி, கொஹெத்ம ஹெல்லென்னே நே" என்று, ஆடாது தம்பி, துளியும் ஆடாது என்று, தன் ஓட்டைச் சிங்களத்தில் அடித்துச் சொல்லிக்கொண்டு நிற்பார். அந்தப் பெடியனும் பாரைமீனைக் கையில் பிடித்தபடி தலையாட்டிக் கேட்பான். அவனுக்கென்ன நட்டம், பழைய மீனைத் தலையில் கட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா.

அத்தானின் தொழில் ஆட்டம் எடுப்பது. பேயாட்டம் இல்லை, ஹெலிகொப்டரின் ஆட்டம். வளைகுடாவில், கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஹெலிகொப்டர்களைப் பராமரித்தே தலை நரைத்தவர். மேலே சுற்றும் தகடுகள் ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுக்கிற அடி, கியர்பெட்டி வழியாக இறங்கி, இருக்கிறவரின் முள்ளந்தண்டு வரைக்கும் வருமாம். பல்லோடு பல் அடிபடும், மீற்றர் முள் இரண்டாகத் தெரியும், இறங்கின பிறகும் தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்காது. அதைத் தடுக்க, கியர்பெட்டிக்கும் ஹெலிகொப்டரின் உடம்புக்கும் நடுவில் சில மவுண்ட்களைப் பூட்டுவார்கள். பார்வைக்குக் கறுத்த றப்பர் டப்பா. உள்ளே கனமான திரவமும், அது ஓடித்திரிய ஓர் ஒடுங்கிய குழாயும் இருக்கும். கியர்பெட்டி கீழே அமுக்கினால் திரவம் மேலே பாயும், மேலே இழுத்தால் கீழே பாயும். அந்தத் தள்ளும் இந்தத் தள்ளும் ஒன்றையொன்று தின்றுவிட, கீழே இருப்பவருக்கு ஒன்றும் வந்து சேராது.

எனக்கு இது விளங்கவில்லை என்றதும் அத்தான் காலி வீதி பஸ்ஸை இழுத்தார். "பஸ்காரன் பிறேக் போடேக்க எல்லாரும் முன்னுக்கு விழுவினம். அந்த நேரம் பார்த்து ஒரு பாரமான மனுசி அதேயளவு பின்னுக்குச் சாய்ஞ்சால் எப்பிடி இருக்கும், அதுதான் இது." பாரமான மனுசி என்றபோது என்னைத்தான் பார்த்தார். நானும் அன்றைக்கு அவருக்குப் பிளேன்டிக்குச் சீனி போடவில்லை.

இந்த மவுண்டில் ஒரு வில்லங்கம் உண்டு. அது ஒரேயொரு வேகத்தில் வருகிற ஆட்டத்தைத்தான் அடக்கும். அந்த ஒன்றுக்காகவே குழாயின் நீளத்தையும் திரவத்தின் பாரத்தையும் அளந்து செய்திருப்பார்கள். வேறு ஆட்டம் எது வந்தாலும் அதற்குத் தெரியாது, பேசாமல் இருக்கும். என் அத்தானைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்ல முடியாது.

ஏனென்றால் இந்த மனிதர் கல்யாணம் முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போனார். அக்கா ரஜனியும் மகள் தாரிகாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அறை எடுத்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஊரில் சண்டை. கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். அப்படி ஆடி அசைந்து போய்ச் சேருகிற கடிதத்தில் இவர் என்ன எழுதுவார் என்று நினைக்கிறீர்கள். "அன்புள்ள ரஜனிக்கு, நலம். இம்முறை வந்த மெஷினில் ஆட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. புதுத் திரவம் நன்றாக வேலை செய்கிறது." இதை விளக்கு வெளிச்சத்தில் வாசித்துவிட்டு அக்கா என்ன செய்திருப்பார் என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன்.

பிறகு அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒரு பிளட் வீடு எடுத்தார்கள். நானும் அதே ஒழுங்கைக்கு மாறி வந்தேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் கிளாசுகள் கிணுகிணுக்கும். தாரிகா மெல்பேணுக்குக் கல்யாணம் முடித்துப் போனாள். அத்தான் ஓய்வு பெற்று வந்த முதல் வாரமே அந்த அலுமாரியின் கால்களுக்குக் கீழே றப்பர் வைத்தார். வோஷிங் மெஷினைக் கவிழ்த்துப்போட்டு அதற்கும் வைத்தார். வீட்டில் ஆடக்கூடிய எல்லாவற்றையும் அடக்கி முடித்ததும், செய்ய ஒன்றுமில்லாமல், இரத்மலானையில் இரண்டே இரண்டு ஹெலிகொப்டர் வைத்து வாடகைக்கு விடும் ஒரு சின்னக் கொம்பனியில் பகுதிநேரமாகச் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் நாங்களும் கொஞ்சம் மூச்சுவிட்டோம்.

இவ்வளவு காலத்திலும் அக்கா ஒருநாளாவது அவரிடம் அந்த வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். இது அத்தானுக்கு உள்ளுக்குள் பெரிய மனக்குறை. என்னிடம் வெளிப்படையாகவே சொல்லுவார். "ஜெயா, உலகத்தில எத்தினை பேர் நான் பூட்டின மவுண்டில இருந்து போயிருக்கினம். உம்மட கொக்கா ஒருநாள் ஏறி இருந்து, ஓமப்பா நல்லாத்தான் இருக்கு எண்டு ஒரு வார்த்தை சொன்னால் காணும்." அதைச் சொல்லும்போது அவர் முகம் பார்க்கப் பாவமாக இருக்கும். ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு அக்கா மேல் கோபம்கூட வந்ததுண்டு.

இப்படி இருக்கையில் கொட்டாஞ்சேனையில் எங்கள் சனம் போகிற ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. போன வருடம் வேறொரு கோயில்காரர் டிரோனால் பூப் போட்டிருந்தார்கள். அதை இவர்கள் சும்மா விடுவார்களா. செயலாளர் சிவமணி, ஹெலிகொப்டரில்தான் பூமாரி என்று அறிவித்து, நோட்டீசும் அடித்துவிட்டார். சுவாமி என்ன நினைத்தாரோ தெரியாது, மற்றக் கோயில்காரருக்கு விளங்கியிருக்கும். அத்தானின் கொம்பனி மெஷின்தான் பேசப்பட்டது. தான் செய்கிற வேலைக்கு ஒன்றும் வேண்டாம், பூப் போடப் போகிறவர்களில் ஓர் இடம் ரஜனிக்குத் தந்தால் போதும் என்று அத்தான் சிவமணியிடம் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில், பெரிய நகை வாங்கி வந்தவர் போல அதைச் சொன்னார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் அக்கா.

"ஏன் வேண்டாம்? கோயில் விசயம். எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியமே?"

"ஆட்டம் எனக்கு ஒத்துவராது. கழுத்து நோகுது. விடுங்கோ."

அக்காவுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தது உண்மை. களுபோவிலக் கிளினிக்கில் கழுத்துக்குப் பட்டி கொடுத்திருந்தார்கள். ஆனால் அது தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சு என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அத்தானுக்கு விளங்கவில்லை. அவருக்கு ஆட்டம் என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், மிச்சம் ஒன்றும் கேட்காது. கண் இரண்டும் மினுங்க என்னைப் பார்த்தார். "ஆட்டம்தானே? அதை என்னட்டை விடும்."

அடுத்த நாள் தொடக்கம் மனிதர் வீடு தங்கவில்லை. கோயிலுக்கு ஒதுக்கின மெஷினில் ஒரு மவுண்ட் திரவம் கசிந்துகொண்டிருந்ததாம். கசிந்தால் அதன் கணக்குப் பிசகிவிடும், அடக்க வேண்டிய ஆட்டத்தை அடக்காது. முதலாளியோடு மல்லுக்கட்டிப் புதிதொன்று எடுப்பித்தார். தகடுகளின் சமநிலையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். விமானி பிறெடி கொட்டாஞ்சேனைப் பெடியன், வேதக்காரன், சேர்ச்சுக்குப் போகிறவன். ஒவ்வொரு முறையும் அவனை மேலே அனுப்பி, இறங்கினதும் இன்னும் ஒருக்கா என்பார். "அங்கிள், கோயிலுக்குப் பூத்தானே போடப்போறம், கண் ஒப்பரேஷனா செய்யப்போறம்?" என்று அவன் அலுத்துப்போய்க் கேட்டதாக அவரே சிரித்துச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது பிடித்து நிறுத்திச் சொன்னேன். "அத்தான், அக்காவுக்குப் பிரச்சினை ஆட்டமில்லை. ஊரில இருந்த சனத்துக்கு ஹெலி எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சத்தத்தைச் சொல்லுறீரோ? அதுக்கு ஹெட்செட் இருக்கு."

இந்த மனிதரோடு என்னத்தைக் கதைக்க. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம், எல்லாம் சரி, ரஜனி வந்து ஒருக்காப் பார்த்தால் போதும், ஏறத் தேவையில்லை என்று கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்திருக்க மாட்டார் போல. சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். நானும் கூடப் போனேன். அக்கா தனியாகப் போனால் நல்லதில்லை என்று மனசு சொன்னது.

இரத்மலானையில், கொட்டகைக்கு வெளியே, வெள்ளை நிறத்தில் அந்த மெஷின் நின்றது. நாங்கள் தள்ளி, சுவரோரம் நின்றோம். அத்தான் கேன்டீனில் இருந்து ஒரு கோப்பை பிளேன்டி வாங்கி வந்தார். விளிம்பு வரைக்கும் நிரப்பி, இருக்கைகளுக்கு நடுவே தரையில் வைத்தார். பிறெடி மேலே எழுப்பினான். அக்கா என் கையைப் பிடித்தார். விரல் நோகும் அளவுக்குப் பிடித்தார். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, தகடுகள் ஓய்ந்ததும், அத்தான் ஓடிப்போய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சொட்டும் சிந்தியிருக்கவில்லை. சோசர் காய்ந்து கிடந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கே மலைப்பாக இருந்தது.

"பாரும் ரஜனி" என்றார். மூச்சு வாங்கியது. "ஆட்டம் எண்டு சொன்னீரே. இப்ப சொல்லும்."

அக்கா கோப்பையைப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். "அந்தக் காலத்தில ஊரில வந்ததிலயும் இந்தச் சாமான் இருந்ததோ?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அக்கா அவர் தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "சீச்சீ, அது வேற மொடல். அதில இந்த மவுண்ட் இல்லை. அது கிடுகிடெண்டு ஆடும், உள்ள இருக்கிறவனுக்கு ஒண்டையும் நேராப் பிடிக்க ஏலாது."

"ஓம். ஆடினதுதான்" என்றார் அக்கா. "கிணத்தடியில தாரிகாவைக் குளிக்கவாத்துக்கொண்டு நிண்டனான். பிள்ளைக்குத் தலை முழுக்கச் சவர்க்காரம். சத்தம் கேட்டு நிமிர முன்னம் மேல வந்திட்டுது. பங்கருக்கு ஓட நேரமில்லை. பிள்ளையை இழுத்துக் கிணத்துக்கட்டோட அமத்திக்கொண்டு மேல பார்த்தன். ஹெலி வாசல்ல துவக்கோட ஒருத்தன் இருந்தவன். முகம் தெரிஞ்சது. எங்களைத்தான் பார்த்தவன். ஒருக்காச் சுட்டிட்டுப் போய், திரும்பி வந்தும் சுட்டவன். ஒரு வரி மதிலில, ஒரு வரி வாழைக்குள்ள. நடுவில நாங்கள் ரெண்டு பேரும்."

அக்காவின் குரல் கடையில் சாமான் கேட்கிற மாதிரிச் சாதாரணமாக இருந்தது.

"அவன் குறி பார்த்துத்தான் சுட்டவன். ஹெலிதான் விடேல்லை. துவக்கு அவன்ட கையில துள்ளினதை நான் கண்ணால கண்டனான். உங்கட சாமான் அதில பூட்டியிருந்தால் தாரிகா எங்க, நான் எங்க?"

அத்தான் கோப்பையைச் சுவரோரம் தரையில் வைத்தார். பிறகு மெல்ல, "நீர் எனக்கு இதைச் சொல்லேல்லையே" என்றார்.

"நீங்கள் ஆட்டம் பாதியாக் குறைஞ்சிட்டுது எண்டு சந்தோசமா எழுதியிருந்தீங்கள். அந்தக் கடிதம் வந்த கிழமைதான் இது நடந்தது. நான் என்னத்தை எழுத?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே ஒழுங்கையில் இருந்திருக்கிறேன், ஒரே குசினியில் வெங்காயம் உரித்திருக்கிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அக்காவோ அழவில்லை. போவோம், ரயிலுக்கு நேரமாகுது என்றார்.

அன்றைக்கு அத்தான் சாப்பிடவில்லை. அடுத்த நாள், பூமாரியை நிற்பாட்டச் சொல்லிச் சிவமணியோடு கதைக்கப் போவதாக எழும்பினார். அக்காதான் தடுத்தார். "நோட்டீஸ் அடிச்சுக் குடுத்திட்டினம். கோயில் விசயத்தில விளையாடக்கூடாது. என்ட இடத்தில நீங்கள் ஏறுங்கோ. ஆனா கீழ நிக்கிற சனத்துக்கு முதலே சொல்லவேணும்."

கும்பாபிஷேகத்தன்று கொட்டாஞ்சேனையில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து விளையாட்டு மைதானத்தில் ஹெலிகொப்டர் வந்து நின்று, பூக்கூடைகளையும் அத்தானையும் இரண்டு தர்மகர்த்தாக்களையும் ஏற்றியது. அக்கா நேரே சிவமணியிடம் போய், ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். சிவமணிக்கு விருப்பமில்லை. "அதுதான் நோட்டீசில இருக்கே அக்கா. நல்ல நேரத்தில உதெல்லாம் எதுக்கு?"

"நோட்டீஸ் வாசிக்காத சனமும் நிக்குது. மைக்கைத் தாரும்."

என் அக்கா மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடித்தார். "இப்ப ஒரு ஹெலி வரும். அது எங்கட ஹெலி. பூ மட்டும்தான் போடும். ரெண்டு தரம் சுத்தி வரும். ஒருத்தரும் ஓட வேண்டாம். பிள்ளையளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம்."

இளசுகள் சிரித்தார்கள். ஓடுவதா, அவர்கள் ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான மனுசி ஒருத்தி சிரிக்கவில்லை. கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

ஹெலி வந்தது. முதல் சுற்றுப் பூவைக் காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கடைக் கூரையில் கொட்டியது. திரும்பி வந்தது. இரண்டாம் சுற்றில் பூ முழுக்கக் கோபுரத்தின் மேல் விழுந்தது. சனம் அரோகரா என்று கத்த, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மெஷின் தடவிவிட்டது மாதிரிப் போனது. எவ்வளவு நேராகப் போகிறது என்று நினைத்ததும் அக்கா நின்ற பக்கம் திரும்பினேன். அக்காவைக் காணவில்லை.

மைதானத்தில் இறங்கின கையோடு அத்தான் சனத்தை இடித்துக்கொண்டு வந்தார். தலையெல்லாம் பூ. சிவமணி குறுக்கே விழுந்து கையைப் பிடித்தார். "அண்ணை, கலசத்திலயே விழுந்துது. சரியான குறி."

அப்படியொரு பேச்சுக்காகவே உயிர் வாழ்ந்த மனிதர். அன்றைக்கு அதைக் காதில் வாங்கவில்லை. கையை உதறிவிட்டு, "ரஜனி எங்க?" என்று என்னைக் கேட்டார்.

உள்வீதியில், மடைப்பள்ளிக்குப் பக்கத்துத் தூணோடு ஒட்டிக் குந்தியிருந்தார் அக்கா. ஓட வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்தான். அவரைச் சுற்றி இன்னும் சில பெண்கள், எங்கள் வயதும் அதற்கு மேலும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மைதானப் பக்கம் மெஷினின் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அது எழும்பி, இரத்மலானைப் பக்கமாகப் போய்த் தேயும் வரைக்கும் அத்தான் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

"இஞ்சரும், ஹெலி போயிட்டுது. வெளியில வாரும்."

அக்கா எழும்பவில்லை. "போனது திரும்பி வராதே?" என்று கேட்டார்.

"வராது" என்றார் அத்தான். "நான் இறங்கிட்டன்."